சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தவறுகிறது என்று எழுதிய சகோதரிக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். இஸ்லாத்துக்கு வந்து இரண்டு வருடமாகியும் குர்ஆன் ஓதினால் திக்குகிறது, சுபுஹு தவறுகிறது, அம்மா பேசுவதில்லை, ஈமான் (இறைநம்பிக்கை) கரைகிறதோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். நான் வந்து ஒன்பது வருடம். குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, அடுப்படியில் உப்பு டப்பா மேல் சாய்த்துவைத்து மனப்பாடம் செய்தேன், அதற்கே ஐந்து மாதம். திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று நபிமொழியே இருக்கிறது. சுபுஹுக்கு எழ முடியாமல் போனால் எழுந்ததும் தொழுதுவிடுங்கள். இன்றைக்குப் போச்சு என்று லுஹரையும் (நண்பகல் தொழுகை) விட்டுவிடாதீர்கள், நான் சறுக்கியது அங்கேதான். அப்புறம் அம்மா. குர்ஆனில் லுக்மான் சூராவின் 15-வது வசனம் படியுங்கள்: அல்லாஹ்வுக்கு இணைவைக்கப் பெற்றோர் வற்புறுத்தினால் அதில் மட்டும் கீழ்ப்படியாதே, ஆனால் உலக விஷயங்களில் அவர்களோடு நல்லபடியாக இரு என்கிறது. அதனால் அவர் பேசாவிட்டாலும் நீங்கள் பேசுங்கள், மாத்திரை போட்டாரா என்றாவது கேளுங்கள்.