சம ஊதியம் ரோம் ஒப்பந்தத்துக்குள் வந்த கதை

வணக்கம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய 1957ஆம் ஆண்டின் ரோம் ஒப்பந்தம் உறுப்பு நாடுகளின் பொதுச் சந்தைக்கானது என்றால், ஆண், பெண் இருபாலருக்கும் சம ஊதியம் என்னும் 119ஆம் பிரிவு அதில் எப்படி நுழைந்தது என்று உங்கள் ஆய்வேட்டுக்காகக் கேட்டிருந்தீர்கள். முதற்காரணம் போட்டிதான்: சம ஊதியத்தை முன்பே ஏற்றிருந்த பிரான்சு, பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் அண்டை நாடுகளின் துணி ஆலைகள் தன் ஆலைகளை விலையில் வீழ்த்திவிடும் என்று அஞ்சியது.

ஆனால் தயவுசெய்து அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். ஒரே வேலை பார்த்த ஆண் பணியாளரைவிடக் குறைவான ஊதியம் பெற்ற, பெல்ஜிய விமான நிறுவனமான சபேனாவின் பணிப்பெண் காப்ரியேல் டெஃப்ரேன் தொடுத்த வழக்கில், அப்பிரிவுக்குப் பொருளாதார நோக்கமும் சமூக நோக்கமும் சேர்ந்தே உண்டு என்றும், அதைத் தேசிய நீதிமன்றங்களில் நேரடியாகவே கோரலாம் என்றும் ஐரோப்பிய நீதிமன்றம் 1976 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் நொடித்துவிடலாம் என்ற அச்சத்தால், ஏற்கெனவே வழக்குத் தொடுத்தவர்களைத் தவிர மற்றவர்கள் தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கான ஊதிய நிலுவையைக் கோர முடியாது என்றும் அது வரம்பிட்டது. என் கருத்தில், உங்கள் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அந்த வரம்புதான்.