உப்புப் பூக்கும் சுவரும் உறுமும் மின்விசிறியும்: வாசகர் கேள்வி பதில்

எங்கள் கூடத்தில் குளியலறையை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பெயின்ட் கொப்புளித்து உதிர்கிறது. தொட்டால் வெள்ளைப் பொடி கையில் ஒட்டுகிறது. சென்ற கோடையில்தான் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்தோம். ஐப்பசி மழைக்கே பழையபடி ஆகிவிட்டது. ஈரம் தாங்கும் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் கடைக்காரர். நானே அடித்துவிடலாமா?
வாசகி, நாகப்பட்டினம்

அடிக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் கையில் ஒட்டுவது பெயின்டின் தூள் அன்று, உப்பு. செங்கல்லிலும் மணலிலும் சிமென்டிலும் கலந்திருக்கும் உப்பை ஈரம் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. அங்கே நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் படிகமாகத் தங்கிப் பட்டியையும் பெயின்டையும் உள்ளிருந்தே நெம்பித் தள்ளுகிறது. ஈரம் வரும் வழியை அடைக்காமல் கூடத்துப் பக்கத்தை மட்டும் நீர் புகாத பெயின்டால் மூடினால், ஆவியாக இடமில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, இரண்டடியில் நின்ற கறை அடுத்த மழையில் நான்கடியில் தெரியும். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. அவர் விற்பது பெயின்ட் என்பதால் பெயின்டைச் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். விடியற்காலையில் மட்டம் இறங்கியிருந்தால், சுவருக்குள் போகும் குழாய் கசிவதாகச் சந்தேகிக்கலாம்; அது பிளம்பரின் வேலை. மட்டம் இறங்காவிட்டால், குளியலறையில் தரையும் சுவரும் சேரும் மூலையில் டைல்களின் இணைப்பை ஒரு டார்ச் விளக்கை வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். இணைப்புச் சிமென்ட் மயிரிழையளவு விரிந்திருந்தாலும், நாள்தோறும் ஊற்றும் குளியல் நீர் அதன் வழியே இறங்கிச் சுவரின் அடியை நனைத்துக்கொண்டேயிருக்கும். பழைய இணைப்பைக் கூரிய கருவியால் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, எபாக்சி வகைப் பூச்சால் நிரப்புவது நீங்களே செய்யக்கூடிய வேலைதான். குளியலறைக்குத் தொடர்பில்லாத சுவர்களிலும் இதே உயரத்தில் கறை இருந்தால், ஈரம் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது என்று பொருள். அதற்குக் கொத்தனாரை அழைத்தாக வேண்டும்.

வழி அடைபட்ட பிறகு, கறைக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லில் தெரியும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் செங்கல்லுக்குள்ளேயே போகும். இந்த வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்வது நல்லது. புதுப் பூச்சு பூசி, ஒரு வாரம் நீராற்றி, அதன்பின் ஒரு மாதமாவது காயவிட வேண்டும். காய்ந்ததா என்று அறிய, ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒருநாள் விட்டுவைத்து, உள்பக்கம் நீர்த்துளி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டியிருந்தால் இன்னும் பொறுங்கள். பட்டி வெள்ளைச் சிமென்ட் வகையாக இருக்கட்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஈரத்தைக் கண்டால் இளகி உதிர்ந்துவிடும்.

கீசரைப் போட்ட ஐந்தாம் நிமிடம் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் டிரிப் ஆகிறது. அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுக்கலாம் என்று சொல்கிறார்கள். செய்யலாமா?
வாசகர், ஈரோடு

கூடவே கூடாது. ஃபேஸ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அந்தக் கருவி இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வீடுகளில் பொருத்தப்படும் வகை, 30 மில்லியாம்பியர் வேறு வழியில் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த வேறு வழி, ஈரக்காலோடு குழாயைத் திறப்பவரின் உடம்பாகவும் இருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டிய சோதனை எளியது. கீசரின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் கீசரோடு இணைந்தே இருக்கும். ஆகவே பிளக்கையே உருவிவிட்டு ஒருநாள் பாருங்கள். டிரிப் ஆகாவிட்டால் குற்றம் கீசரில்தான். போர்வெல் நீர் புழங்கும் வீடுகளில், சூடேற்றும் காயிலின் மேல் சுண்ணாம்புப் படிவம் கெட்டியாகப் படிந்து, காயில் மிகையாகச் சூடாகி உறை விரிசல் காண்பது வழக்கம். குளிர்ந்திருக்கும்போது அடங்கியிருக்கும் விரிசல், சூடேறியதும் கசியத் தொடங்குவதால்தான் ஐந்து நிமிடம் ஓடுகிறது. காயிலை மாற்றுவதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். தொட்டியைத் திறக்கும்போதே உள்ளிருக்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தானே அரிபட்டுக் கரையும் கம்பி அது, தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம்.

மின்விசிறி சுவிட்சைப் போட்டதும் உறுமுகிறது, சுற்றுவதில்லை. ஒரு குச்சியால் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றுகிறது. மோட்டார் போய்விட்டதா?
வாசகி, விருதுநகர்

பெரும்பாலும் இல்லை. தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது கண்டென்சர் பலம் இழந்ததற்கான அடையாளம். அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றால் பேரிங்கிலும் கோளாறு இல்லை. மெயின் சுவிட்சையே அணைத்த பிறகு, உறுதியான ஏணியில் ஏறிக் கம்பியோடு ஒட்டிய கிண்ணத்தை இறக்கினால் கண்டென்சர் தெரியும். வயர்கள் இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பழையதையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தால் அதே அளவைத்தான் வாங்க வேண்டும். வேகம் கூடும் என்று பெரிதாக வாங்கினால் சுருள் சூடாகும். ரிமோட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. (மின்னணுச் சுற்றால் மோட்டாரை இயக்கும் வகை) விசிறிக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அதில் மின்னணுப் பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டு வீட்டின் பழைய சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் அடித்தால் தோல் தோலாக உரிகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், காரைக்குடி

பல ஆண்டுகளாக அடுக்கடுக்காக அடித்த வெள்ளைதான் உரிகிறது. எமல்ஷன் அதன்மேல் ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டினால், அந்த அடுக்குகளை நனைத்துச் சுரண்டி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன் அடிக்கலாம். ஆனால் சுவரின் பூச்சே சுண்ணாம்புக் காரையாக இருந்தால், என் யோசனை மீண்டும் வெள்ளையடிப்பதுதான். காரைச் சுவர் உறிஞ்சும் ஈரத்தை வெளியே விட வெள்ளை இடம் கொடுக்கும். எமல்ஷன் அந்த அளவுக்கு விடாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு என்பதால், கலக்கும்போதும் அடிக்கும்போதும் காப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.