ஃப்ரெட் கார்கரும் நன்கொடைக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல் குறித்த கட்டுரையில் ஃப்ரெட் கார்கரை முக்கியமானவர் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். 2012 குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் போட்டியில் நியூ ஹாம்ப்ஷயரில் 345 ஓட்டு வாங்கியிருக்கிறார். அனுபவமுள்ள தேர்தல் ஆலோசகர் ஒருவர் விளம்பரத்துக்காக நின்றார் என்பதைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது?

கே.

அன்புள்ள கே,

பெரிய கட்சி ஒன்றின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கிய, தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட முதல் ஆள் அவர். ஆனால் விவாத மேடை கிடைக்காதவருக்கு அங்கே ஓட்டு விழாது. 2011 ஆகஸ்டில் அயோவாவில் நடந்த வேட்பாளர் விவாதத்தில் சேர்க்க ஃபாக்ஸ் சேனல் கேட்டது, ஐந்து தேசியக் கருத்துக்கணிப்புகளில் குறைந்தது 1 சதவீதம். தனக்குத் தகுதி உண்டு என்று கார்கர் வாதாடினார், சேனல் ஏற்கவில்லை. பல கணிப்புகளின் கேள்வித்தாளில் அவர் பெயரே கிடையாது. பெயர் இல்லாமல் சதவீதம் எங்கிருந்து வரும்?

நான் அவரை மதிப்பது வேறு வேலைக்காக. கலிஃபோர்னியாவின் டால்ஃபின் குழுமம் என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தில் 27 ஆண்டுகள் இருந்தவர். ரீகன், மூத்த புஷ் போன்றோருக்கு உழைத்தார், தன் பால் ஈர்ப்பை வெளியே சொல்லாமலே. அதே நிறுவனம் சிகரெட் கம்பெனியான பிலிப் மோரிஸுக்கும் வேலை செய்தது. பணம் எந்த அமைப்பின் பெயரில் நுழையும், எங்கே ஒளியும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். 2008இல் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்க எட்டாம் முன்மொழிவு கலிஃபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அந்த அறிவை அவர் மறுபக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

கலிஃபோர்னியாவில் ஒரு பிரச்சாரத்துக்கு 100 டாலரும் அதற்கு மேலும் தந்தவரின் பெயர், முகவரி, தொழில், வேலை தருபவர் எல்லாம் பொதுப் பதிவு. அதைத் தொகை வாரியாக அடுக்கி, மேலே இருப்பவர்களை மட்டும் எடுத்தார். சான் டியகோ ஹோட்டல் அதிபர் டக் மான்செஸ்டர் முன்மொழிவுக்கு ஆதரவாகத் தந்தது 1,25,000 டாலர். அவருடைய ஹோட்டலைப் புறக்கணிக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது. இங்கே சறுக்குவது எளிது. ‘வேலை தருபவர்’ என்ற கட்டத்தில் இருக்கும் நிறுவனம் பணம் தரவில்லை, அங்கே வேலை பார்ப்பவர்தான் தந்திருப்பார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். முகவரியையும் ஒத்துப் பார்க்காமல் பட்டியல் போட்டால் போராட்டம் சம்பந்தமே இல்லாதவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். சிறு நன்கொடையாளர்களையும் பட்டியலில் இழுத்தால், மிரட்டுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு நீதிமன்றம் போகும். போனது. பெயர்களை மறைக்கக் கேட்ட அந்த வழக்கு 2011இல் தோற்றது.

எட்டாம் முன்மொழிவை ஆதரித்த மார்மன் சபை என்ற கிறித்தவ அமைப்பின் மீது கார்கர் கொடுத்த புகார்தான் கூர்மையானது. காசோலை மட்டுமே நன்கொடை அல்ல. பிரச்சாரத்துக்குச் செலவான ஊழியர் நேரத்தையும் பணமாக்கிக் காட்ட வேண்டும். கடைசி நாட்களில் வருவதை 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். 36,928 டாலர் அப்படிச் சொல்லப்படவில்லை என்று கண்டு, 2010இல் தேர்தல் நிதியைக் கண்காணிக்கும் கலிஃபோர்னிய ஆணையம் 5,539 டாலர் அபராதம் போட்டது. தொகை சின்னது. ஆனால் பெரிய மதநிறுவனத்தையும் கணக்குக் கேட்கலாம் என்பது பதிவாகிவிட்டது.

மெய்ன் மாநிலத்தில் 2009இல், தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் ‘திருமணத்துக்கான தேசிய அமைப்பு’ கிட்டத்தட்ட 20 லட்சம் டாலரை அங்கே அத்தகைய திருமணத்துக்கு எதிரான வாக்கெடுப்புப் பிரச்சாரத்துக்குக் கொடுத்துவிட்டு, அது யார் பணம் என்று சொல்லவில்லை. அந்த மாநிலத்தில் வாக்கெடுப்பு ஒன்றுக்காக 5,000 டாலருக்கு மேல் திரட்டினால் பதிவு செய்து பெயர்களைக் கொடுத்தாக வேண்டும். கார்கர் புகார் கொடுத்தார். அமைப்பு வழக்கு மேல் வழக்காகப் போட்டு இழுத்தது. 2014இல் 50,250 டாலர் அபராதம், அடுத்த ஆண்டு பெயர்கள் வெளியே வந்தன.