குதிரைமசால் என்னும் தீவனப் பயிரை ஈரத்தோடு கட்டி அடுக்கினால் தானாகத் தீப்பிடிக்குமா?

பிடிக்கலாம். குதிரைமசாலையோ புல்லையோ அறுத்து, வயலிலேயே காயவைத்துக் கட்டுவதுதான் உலர்தீவனம். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்போதே கட்டிவிட்டால், உள்ளே பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகிச் சூட்டைக் கிளப்பும். இறுகிய கட்டு அதை வெளியே விடாது. எருக்குவியலைக் கிளறினால் ஆவி பறக்குமே, அதே கதைதான்.

குதிரைமசாலில் இன்னொரு தொல்லை: இலை சருகாகி நொறுங்கும்போதும் தண்டு ஈரமாகவே இருக்கும். சத்து பெரும்பாலும் இலையில் இருப்பதால் மேலும் காயவிட மனம் வராது. தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோல் உரிந்து வந்தால் இன்னும் காயவில்லை. புல் இந்த விஷயத்தில் சாது.

வெயில்தான் தீ மூட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள்; நிழலான கொட்டகைக்குள் அடுக்கிச் சில வாரங்கள் கழிந்த பிறகும் ஈரக் கட்டு பற்றிக்கொள்ளலாம்.