மொட்டை மாடியில் பெல்லட் ஸ்மோக்கர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கரி அடுப்பில் கறி சுட்டுப் பழகியவன் நான். பெல்லட் ஸ்மோக்கர் மின்சாரத்தில் ஓடுகிறது என்கிறார்கள், விறகிலும் எரிகிறது என்கிறார்கள். உண்மையில் எது? (தண்டையார்பேட்டை)

இரண்டுமே உண்மை. மரத்தை எரித்து, அதன் சூட்டிலும் புகையிலும் கறியை மெல்ல வேகவைக்கும் அடுப்பு இது. மரத்தூளை அழுத்திச் செய்த, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு குச்சிகளே பெல்லட்டுகள். பக்கத்துப் பெட்டியில் அவற்றைக் கொட்டி வைத்தால், ஆகர் எனப்படும் திருகு சிறிது சிறிதாக அவற்றைத் தள்ளிச் சென்று ஒரு சிறு தீக்கிண்ணத்தில் போடுகிறது, சூடேறிய கம்பி ஒன்று பற்ற வைக்கிறது, மின்விசிறி ஊதுகிறது, அடுப்புக்குள் இருக்கும் வெப்ப உணரி சொல்வதைக் கேட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெல்லட்டைக் கூட்டியும் குறைத்தும் போடுகிறது. சமைக்கும் சூடு முழுவதும் மரத்திலிருந்து வருகிறது. மின்சாரத்தின் வேலை பற்ற வைப்பதும் ஊதுவதும் தள்ளுவதும்தான். 1980களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் உருவாக்கிய இந்த முறையின் அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை.

கரி அடுப்பில் தீயைப் பார்த்துக்கொள்வதே பாதி வேலை. இங்கே அந்தப் பொறுப்பு உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. பெல்லட்டை ஈரமில்லாமல் வைத்திருப்பதும் கறியின் உள்சூட்டைக் கவனிப்பதும்தான் உங்களுக்கு மிஞ்சும் வேலைகள். வாங்கிய முதல் நாளிலேயே கறியை வைத்துவிடாமல், வெறும் அடுப்பை 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, தொழிற்சாலை எண்ணெயும் வாடையும் எரிந்து போன பிறகு தொடங்குங்கள்.

மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் பெல்லட்டெல்லாம் புட்டு மாவைப் போல உதிர்ந்து கிடந்தது. இயந்திரமும் சுற்றவில்லை. சரக்கு மட்டமானதா? (திருவொற்றியூர்)

சரக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெல்லட்டில் பசை ஏதும் கிடையாது. அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் இளகி அதைப் பிணைத்து வைக்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பிணைப்பு விட்டு, குச்சி ஊதித் தூளாகிவிடும். அந்தத் தூள் ஆகருக்குள் இறுகினால் சிமென்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். கடலை ஒட்டிய நம் பகுதியில் மழையே தேவையில்லை, காற்றில் இருக்கும் ஈரம் போதும். நானும் ஒரு டிசம்பரில் அரைப் பெட்டி பெல்லட்டை அப்படியே விட்டுவிட்டு, பொங்கலன்று விருந்தாளிகளை மாடியில் நிற்க வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஆகரைக் கழற்றியிருக்கிறேன்.

சமையல் முடிந்ததும் மிச்சத்தை வெளியே எடுத்து, ரப்பர் வளையமுள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்து, வீட்டுக்குள் வையுங்கள். அடுத்த முறை போடுவதற்கு முன் ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள்: நல்ல பெல்லட் பளபளப்பாக இருக்கும், 'டக்'கென்று ஒடியும், மங்கலாக வளைந்து உதிர்ந்தால் அதைப் போடாதீர்கள். விலை குறைவு என்று பாய்லருக்கு விற்கும் பயோமாஸ் பெல்லட்டையும் வாங்க வேண்டாம். அதில் என்ன கழிவு கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அந்தப் புகைதான் உணவில் படியப் போகிறது. 110 டிகிரி அளவில் மணிக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை செலவாகும் என்று கணக்கிட்டு, தேவைக்கு மட்டும் கொட்டுங்கள். உப்புக் காற்றில் துருவும் சீக்கிரம் ஏறும் என்பதால், அடுப்பு நன்றாக ஆறிய பிறகு உறை போட்டு மூடுங்கள்.

மாட்டின் நெஞ்சுக்கறியை அமெரிக்கர்கள் செய்வது போல முழுதாகப் புகையில் வேகவைக்க ஆசை. முதல் முயற்சியாக அதையே செய்யலாமா? (வியாசர்பாடி)

ஆசை நியாயமானதே, ஆனால் முதல் முயற்சி கோழியாக இருக்கட்டும். கடையில் 'வித் ஸ்கின்' என்று கேட்டு வாங்கி, முதுகெலும்பை வெட்டி நீக்கி விரித்து, கிலோவுக்கு 12 கிராம் உப்பும் மிளகும் தடவி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் திறந்தபடி வைத்து, 160 டிகிரிக்கு மேல் சமைத்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். 110 டிகிரியில் வைத்தால் தோல் ரப்பராகும். இரண்டு கோழி செய்தாலே உங்கள் அடுப்பின் எந்த மூலை அதிகம் சுடுகிறது என்பது தெரிந்துவிடும்.

இனி நெஞ்சுக்கறி. அமெரிக்க மாட்டின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு தசைக்குள்ளேயே ஓடியிருக்கும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடு அல்லது எருமை. கொழுப்புக் குறைவு, நார் அதிகம். அந்த நாரிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று ஆகும், அதற்கு உள்சூடு 93 டிகிரியைத் தொட வேண்டும். ஆகவே இரண்டு கிலோவுக்குக் குறையாத துண்டாக, மேல் கொழுப்பைச் சீவாமல் தரச் சொல்லி வாங்குங்கள். 110 முதல் 120 டிகிரியில் வைத்தால், 65-லிருந்து 75 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் உள்சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டர் முள் மணிக்கணக்கில் நின்றுவிடும். அடுப்பு கெட்டுவிட்டது என்று பலர் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். கறியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகும்போது அதுவே கறியைக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் இது. நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வது போல. அப்போது இரண்டு கரண்டி எலும்புச் சாறு விட்டு ஃபாயிலில் இறுகச் சுற்றிவிட்டால் தேக்கம் உடையும், கொழுப்பில்லாத நம் கறியும் காயாது. மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். தெர்மாமீட்டர் குச்சி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். எடுத்த பின் சுற்றியபடியே ஒரு மணி நேரம் விட்டு, நாருக்குக் குறுக்கே அரியுங்கள். பிரியாணிக்குத் தம் போட்ட அண்டாவை யாரும் அடிக்கடி திறந்து பார்ப்பதில்லை. இந்த மூடிக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

அடுக்குமாடி பால்கனியில் வைக்கலாமா? (பெரம்பூர்)

கூடாது. மரம் எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாடையும் இல்லை. திறந்த மொட்டை மாடியில், பந்தலுக்கும் தார்ப்பாய்க்கும் எட்டாத தூரத்தில், எர்த் உள்ள பிளக்கில் மாட்டுங்கள். அக்கம்பக்கத்தார் துணியும் வடாமும் காயப்போடாத நாளாகப் பார்த்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

நடுவில் கரண்ட் போனால் கறி வீணாகிவிடுமா? (கொருக்குப்பேட்டை)

பத்து நிமிடத் தடையால் கறிக்கு ஒன்றும் ஆகாது, மூடியைத் திறக்காமல் இருங்கள். கவனம் தேவைப்படுவது அடுப்புக்குத்தான். விசிறி நின்றதும் கிண்ணத்தில் இருக்கும் கங்கு ஆகர் வழியாகப் பெல்லட் பெட்டியை நோக்கிப் பின்னேற வாய்ப்புண்டு. தடை நீடித்து நெருப்பு அணைந்துவிட்டால், மின்சாரம் வந்ததும் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தாமல், கிண்ணத்தில் எரியாமல் தேங்கிய பெல்லட்டை அள்ளிவிட்டு அதன் பிறகே புதிதாகப் பற்ற வையுங்கள். அள்ளாமல் பற்ற வைத்தால் அடர்ந்த வெண்புகை கிளம்பி, சில சமயம் மூடியே தூக்கி அடிக்கும்.

பற்ற வைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் 300 வாட் வரை இழுக்கும். மற்ற நேரத்தில் அதில் சிறு பங்குதான் செலவாகும். எனவே வீட்டிலுள்ள சைன் வேவ் இன்வெர்ட்டரே தாங்கும். சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல், விசிறி மிச்ச நெருப்பை எரித்துத் தானாக நிற்கும்வரை காத்திருங்கள்.

கோழி வெந்தபின்னும் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. மாமியார் தொடவே இல்லை. (புது வண்ணாரப்பேட்டை)

புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு தசை நிறமியோடு சேர்ந்தால் வெந்த கறியும் சிவப்பாகவே நிற்கும். நிறத்தை நம்ப வேண்டாம். எலும்பில் படாமல் தொடையிலும் நெஞ்சிலும் தெர்மாமீட்டர் குத்தி, இரண்டிலும் 74 டிகிரி காட்டினால் பயமின்றிச் சாப்பிடலாம். மாமியாருக்கும் அந்த எண்ணையே காட்டுங்கள்.

புகை மணமே போதவில்லை. பெட்டியில் சீமைக்கருவேலத் துண்டுகளைப் போடலாமா? (எண்ணூர்)

பெட்டியில் போட்டால் ஆகர் சிக்கிக்கொள்ளும். ஆனால் உங்கள் யோசனையில் விஷயம் இருக்கிறது: டெக்சாஸில் கறிக்குப் பேர்போன மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் நெருங்கிய உறவு. நன்கு காய்ந்த சிறு சில்லுகளைப் பெல்லட்டோடு கலந்து, துளையிட்ட எஃகுக் குழாயில் அடைத்து, ஒரு முனையைக் கொளுத்திக் கறிக்குப் பக்கத்தில் வையுங்கள். மணம் காரமானது என்பதால் கொஞ்சமாகத் தொடங்குங்கள். கறி குளிர்ந்தும் மேலே ஈரமாகவும் இருக்கும்போதுதான் புகையை நன்றாகப் பிடிக்கும். அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வைத்து, முதல் ஒரு மணி நேரம் 100 டிகிரிக்குக் கீழே ஓட்டிவிட்டு, பிறகு சூட்டை ஏற்றுங்கள். பெல்லட் அடுப்பின் புகை விறகடுப்பை விட எப்போதும் மென்மையாகவே இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

காசிமேட்டில் வாங்கும் மீனில் எது பொருந்தும்? (ராயபுரம்)

எண்ணெய்ப்பசை உள்ளவை. காணாங்கெளுத்தியும் சூரையும் புகையை ஏற்கும் அளவுக்கு வஞ்சிரம் ஏற்பதில்லை, விலைக்கும் நியாயமாகாது. லிட்டருக்கு 60 கிராம் உப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, மேற்பரப்பு பிசுபிசுவென்று ஆகும்வரை விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். அந்தப் படலத்தில்தான் புகை ஒட்டும். 90 டிகிரி அடுப்பில் வைத்து, உள்சூடு 63 ஆனதும் எடுத்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் அப்போது பெரிய சூரை கிடைப்பது அரிது. ஒரே நாளில் கோழியும் மீனும் செய்வதானால் மீனைக் கடைசியில் வையுங்கள்.