முதல் வில்லுக்கு 45 பவுண்டு வேண்டாம்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 36, உயரம் 5 அடி 7 அங்குலம். உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தவறாமல் போகிறேன். சக்கரம், குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத மரபு வில் ஒன்றை வாங்கிப் பழக ஆசை. 45 பவுண்டு குதிரை வில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? என் 11 வயது மகளும் பழக விரும்புகிறாள். இருவருக்கும் ஒரே வில் போதுமா?"

அந்த வில்லை இப்போது வாங்காதீர்கள். குதிரைமேல் அமர்ந்து எய்வதற்கென்று உருவான அந்தக் குட்டை வில்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 45. புதிதாக வில் வாங்க வருகிறவர்களிடம் நான் மன்றாடுவதெல்லாம் இந்த ஓர் எண்ணைப் பற்றித்தான்.

நாணை முழுவதுமாக இழுத்துப் பிடித்திருக்கும்போது விரல்கள் தாங்குகிற விசைதான் இழுவிசை. பயிற்சி மைதானங்களில் இதை 'பவுண்டேஜ்' என்பார்கள். 45 பவுண்டு என்றால் 20 கிலோவுக்குச் சற்று மேல். இருபது கிலோ அரிசிப் பையை இரண்டு கைகளாலும் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வது உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது. அதே பையை மூன்று விரல்களின் நுனியில் தொங்கவிட்டு, மூச்சை அடக்கி, முனை அசையாமல் ஒரு சிறு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றால்? ஒரு மாலையில் நூறு அம்பு எய்தால் இரண்டு டன்னுக்கு மேல் இழுத்திருப்பீர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் நெஞ்சுக்கும் புயத்துக்கும் நீங்கள் சேர்த்த பலம் இதற்கு அதிகம் உதவாது. நாணைப் பிடித்து நிறுத்துவது இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவிலுள்ள முதுகுத் தசைகள். தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் சிறிய தசைகளும் சேர்ந்து உழைக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையில் அவற்றுக்கு இப்படியொரு வேலையே வருவதில்லை.

என் முதல் வில்லும் 45 பவுண்டுதான். "உங்கள் உடம்புக்கு இது சரியாக இருக்கும்" என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். நாண் என் வாயோரத்துக்கு வந்து சேர்ந்ததே இல்லை. நான்கு விரற்கடை தூரத்திலேயே நின்றுவிடும். இழுக்கும்போது தோள் காதை நோக்கி ஏறும், இடுப்பு பின்னால் வளையும், அம்பின் முனை கிணற்றுக் கயிறு போல ஆடும். தாங்க முடியாமல் விட்டுவிடுவேன். மூன்றாவது மாதத்தில் வலத்தோளை உயர்த்திப் பரணிலிருந்து ஒரு பாத்திரம் எடுக்க முடியவில்லை. அந்த வலி ஆறு வாரத்தில் போய்விட்டது. போகாதது இன்னொன்று: நாண் முகத்தை நெருங்கியதுமே விரல்கள் தாமாகத் திறந்துகொள்ளும் பழக்கம். பிறகு 24 பவுண்டு வில்லுக்கு இறங்கி வந்தேன். இப்போது பிடித்து நிறுத்தத் தெம்பு இருந்தது, விரல்கள்தான் கேட்கவில்லை. அதைத் திருத்த ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டு உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

45 என்ற எண் உங்கள் கண்ணில் பட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. மரபு வில் பற்றி இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அமெரிக்க வேட்டைக்காரர்கள் சொல்பவை. அங்கே சில மாநிலங்களில் மான் வேட்டைக்கு இத்தனை பவுண்டுக்குக் குறையாத வில் வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதனால் 40, 45 என்பது அவர்களுக்குச் சாதாரணப் பேச்சு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கணக்குக்கே இடமில்லை. பத்து, பதினைந்து மீட்டரில் வைக்கோல் இலக்கைத் துளைக்க 20 பவுண்டு தாராளம்.

முன்னோர் பெருமை பேசுகிறவர்களும் உண்டு. கொல்லிமலையின் வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்கிறது புறநானூறு. எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் கனத்த வில் உடம்பை என்ன செய்யும் என்பதற்கு எலும்பிலேயே சாட்சி இருக்கிறது. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை 100 பவுண்டைத் தாண்டியவை என்பது கணிப்பு. கூடவே கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி கடைசிவரை ஒன்றுசேராமலே இருந்தது. சிறு வயதிலிருந்தே கனத்த வில்லை இழுத்ததன் தடயமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிறுவயதில் தொடங்கிய அவர்களுக்கே அந்த நிலை. நாம் முப்பத்தாறு வயதில் தொடங்குகிறோம்.

உங்களுக்கு நான் சொல்லும் எண் 24 அல்லது 26. வாங்கும் முன் ஒரு பயிற்சியாளரின் வில்லில் சோதித்துப் பாருங்கள். இடக்கையை இலக்கின் உயரத்துக்கு நீட்டி, வானத்தை நோக்கித் தூக்காமல், நேராக இழுங்கள். நாண் வாயோரத்தைத் தொட்டதும் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிறகு மெதுவாக முன்னே கொண்டுவந்து விடுங்கள். ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி. ஐந்தாவது முறையும் தோள் ஏறாமல், கை நடுங்காமல் பத்து எண்ண முடிந்தால் அந்த வில் உங்களுக்கு ஏற்றது. ஏழிலேயே நடுக்கம் வந்தால் இரண்டு பவுண்டு இறங்குங்கள். இதைச் செய்யும்போது அம்பில்லாமல் நாணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். அப்படி நாணை விட்ட ஒரே விடுப்பில் புத்தம்புது வில் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வில்லில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் இழுப்பு எவ்வளவு என்று அறிய, சுவரில் சாய்ந்து இரு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அதை இரண்டரையால் வகுங்கள். கைவிரிப்பு பெரும்பாலும் உயரத்தை ஒட்டியே இருக்கும். உங்களுக்கு 67 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 27 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு வருகிறது. ஓர் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ இழுவிசை ஏறக்குறைய இரண்டு பவுண்டு மாறும். ஆகவே 28 பவுண்டு என்று எழுதிய வில் உங்கள் கையில் 26 பவுண்டாகத்தான் இருக்கும். வில்லின் நீளம் 66 அங்குலம் எடுங்கள். 62 அங்குல வில்லிலும் எய்யலாம். ஆனால் வில் குட்டையாகக் குட்டையாக நாண் முழு இழுப்பில் கூர்மையாக மடிந்து விரல்களைக் கவ்வும். நல்ல விடுப்பைப் பழகுகிற காலத்தில் அந்தத் தொல்லை வேண்டாம்.

எந்த வகை வில்? பிரித்து மாட்டக்கூடிய ('டேக் டவுன்') மர ரீகர்வ், அதாவது இரு நுனிகளும் இலக்கை நோக்கி வளைந்திருக்கும் வில். நடுவில் மரப்பிடி, மேலும் கீழும் கழற்றக்கூடிய இரண்டு சிறகுகள். அவற்றை 'லிம்ப்' என்பார்கள். ஆறேழு மாதம் கழித்து உடம்பு கேட்கும்போது 30 பவுண்டு லிம்ப் மட்டும் வாங்கி அதே பிடியில் மாட்டிக்கொள்ளலாம். ஒரே துண்டாகச் செய்த வில்லில் அதற்கு வழியில்லை. 45இல் தொடங்கிவிட்டால் இறங்கவும் முடியாது.

மூங்கில் வில்லையும் தாழ்வாக நினைக்காதீர்கள். நம் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்று ஒரு பிரிவே அதற்கு இருக்கிறது. 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்வார்கள். ராஞ்சியின் தீபிகா குமாரி மூங்கில் வில்லில்தான் கை பழகினார். அருகில் அந்தப் பிரிவுக்குப் பயிற்சி தருகிறவர் இருந்தால் தயங்காமல் சேருங்கள். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நாணேற்றியபடியே வைத்தால் மூங்கில் வளைந்த நிலையிலேயே படிந்துபோய் விசையை இழக்கும்.

இனி குதிரை வில். அதன் அழகில் மயங்காதவர் யார்? ஆனால் அதில் அம்பு வந்து அமர மேடை கிடையாது, பிடித்திருக்கும் கையின் மேலேயே அமரும். இறகின் அடித்தண்டு சரியாக ஒட்டப்படாவிட்டால் விரலைக் கீறிக்கொண்டு போகும். கொரிய, துருக்கிய மரபுகளில் நாணைப் பெருவிரலால் இழுப்பார்கள், அதற்கு மோதிரம் அணிவார்கள், அம்பை வில்லின் மறுபக்கத்தில் வைப்பார்கள். மூன்று விரலால் இழுக்கும் முறையோடு இதையும் சேர்த்துக் கற்றால் இரண்டுமே குழம்பும். மனம் முழுவதும் அதிலேயே இருந்தால், பெருவிரல் முறை தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டு 25 பவுண்டு கண்ணாடியிழை வில்லாக வாங்குங்கள். சொல்லித்தர ஆள் இல்லையென்றால் ரீகர்வில் ஓராண்டு கழித்துவிட்டு அங்கே போகலாம்.

வில்லுக்குத் தரும் கவனத்தை அம்புக்குத் தராமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நாண் தள்ளும் கணத்தில் அம்பு மீன் போல நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. எவ்வளவு நெளியும் என்பதற்கான எண்தான் 'ஸ்பைன்'. 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கவைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அம்பு எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தொய்கிறது என்ற கணக்கு. எண் பெரிதானால் அம்பு எளிதில் வளையும். உங்கள் 26 பவுண்டுக்கு 800, 900க்குப் பக்கத்தில் பாருங்கள். கடைக்காரர் கையிருப்பில் இருக்கிறதென்று 400 அல்லது 500 தந்தால் வாங்காதீர்கள். அந்த விறைத்த அம்பு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும். தவறு தன்னுடையது என்று நினைத்து நீங்கள் விடுப்பை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். நீளம் உங்கள் இழுப்பைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். பிளாஸ்டிக் இறகு வேண்டாம், உண்மையான பறவை இறகு வேண்டும்; வில்லின் மேடையில் உரசும்போது அதுதான் மடங்கிக் கொடுக்கும். கார்பன் அம்பானால் ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து லேசாக வளைத்துக் கேளுங்கள். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் அங்கேயே உடைத்துப் போட்டுவிடுங்கள். வெடித்த கார்பன் அம்பு கையைத் துளைக்கும்.

கூடவே மூன்று பொருள்கள்: விரல்களுக்குத் தோல், முன்கைக்குக் காப்பு, நாணேற்றும் கயிறு. முன்கைக் காப்பைத் தமிழில் 'கோதை' என்றும் விரலுறையைப் 'புட்டில்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். வடமொழியில் கோதா என்றால் உடும்பு. அதன் தோலில் காப்பு செய்த காலத்தின் எச்சம் அந்தச் சொல்லில் இருக்கிறது. கோதை இல்லாமல் எய்து, நாண் ஒருமுறை முழங்கைக்குக் கீழே உரசிப் போனால் கருநீலத் தழும்பு ஒரு வாரம் நிற்கும். நாணேற்றும் கயிற்றை வீண் செலவு என்று நினைத்து, வில்லைக் காலுக்கு நடுவே வைத்து வளைத்து நாணேற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

பழைய வில் கிடைத்தால் வாங்கலாம். நாணேற்றி, ஒரு முனையைக் கண்ணருகே வைத்து நெடுக்காகப் பாருங்கள். நாண் இரு லிம்புகளையும் நட்ட நடுவில் பிளந்துகொண்டு ஓட வேண்டும். பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்பின் ஓரங்களில் மெல்லத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலும்பு பஞ்சைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் அந்த வில் வேண்டாம். வாங்கிய பிறகு, சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைக்காதீர்கள். அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். 26 பவுண்டு வில்லின் அம்பும் நூறு மீட்டரைத் தாண்டிப் போகும். இலக்குக்குப் பின்னால் மண்மேடோ, ஆள் நடமாட்டமில்லாத நீண்ட வெற்றிடமோ இருக்கிற இடத்தில் மட்டும் எய்யுங்கள்.

மகளுக்கு உங்கள் வில் ஆகாது. அவளுடைய கைக்கு நீளமும் அதிகம், விசையும் அதிகம், தூக்கிப் பிடிக்கும் எடையும் அதிகம். 48 முதல் 54 அங்குலம், 12 முதல் 15 பவுண்டு, இலேசான கண்ணாடியிழை வில். அதற்கேற்ற மெல்லிய அம்பு ஆறு. ஓரிரு ஆண்டில் வளர்ந்துவிடுவாள் என்பதால் இதைப் பழையதாகவே தேடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இருவரும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறிய முக்கோண ஓட்டை அமைத்து, இரு கண்களும் திறந்தபடி அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே கைகளை முகத்துக்குக் கொண்டுவந்தால் ஓட்டை ஏதோ ஒரு கண்ணுக்குத்தான் வந்து சேரும். உங்களுக்கு வலக்கண்ணும் அவளுக்கு இடக்கண்ணும் என்று வந்தால், அவள் வலக்கையால் எழுதுகிறவளாக இருந்தாலும் இடக்கை வில்லே கேளுங்கள். அந்த வயதில் கை எளிதில் பழகிவிடும். இடக்கை வில் என்றால் வலக்கையில் பிடித்து இடக்கையால் நாணை இழுப்பது. கடைகளிலேயே இதைத் தவறுதலாக மாற்றித் தந்துவிடுவதுண்டு. வீட்டுக்குக் கொண்டுவரும் முன் பெட்டியைப் பிரித்து, அவள் கையில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.