படலைக்குள்ளால் வரும் ஆபத்து: யாழ்ப்பாணத்தில் ஓடுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

காலையில் ஓடுகிற நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்குத் தொழில் கால்நடை வைத்தியம், விருப்பம் ஓட்டம். "காட்டு விலங்குகளிடம் மாட்டுப்படாமல் ஓடுவது எப்படி" என்று தலைப்புத் தந்தார்கள். குடாநாட்டில் எங்கே அவ்வளவு காடு? இங்கே ஓடுபவரைக் கடிப்பது பெரும்பாலும் யாருடையதோ ஒரு படலைக்குள்ளால் வருகிறது. ஆகவே நாயில் தொடங்குகிறேன்.

கேள்வி (கோண்டாவில்): அக்கா, விடிய ஐந்து மணிக்கு ஓட வெளிக்கிட்டால் எங்கள் ஒழுங்கையில் நாலைந்து நாய் கலைக்கிறது. வேகத்தைக் கூட்டி ஓடித் தப்பலாமா?

கூட்டாதீர்கள் தம்பி. ஊர் நாய் ஒன்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். கிலோமீற்றரை ஐந்து நிமிடத்தில் ஓடினால் உங்கள் வேகம் 12. கணக்கு அதோடு முடிந்தது. அதைவிட முக்கியம், ஓடுகிற கால்தான் நாயை இழுக்கிறது. கால் நின்றால் கலைக்க ஒன்றும் இல்லை.

ஒழுங்கை முடக்குக்கு முன்னமே நடைக்கு இறங்குங்கள். நாய் வந்துவிட்டால் நில்லுங்கள். முதுகைக் காட்டாமல், பக்கவாட்டாக, மதில் அல்லது வேலிப் பக்கம் முதுகு வரும்படி நிற்க வேண்டும். நாலைந்து நாய் வந்தால் முன்னுக்கு நின்று குரைப்பதைவிட, சத்தமில்லாமல் பின்னால் சுற்றி வருவதுதான் கெண்டைக்காலைப் பிடிக்கும். வேலிப் பக்கம் நிற்கச் சொல்வது அதற்காகத்தான். கண்ணுக்குள் உற்றுப் பார்க்கவும் வேண்டாம், கண்ணை எடுக்கவும் வேண்டாம். அதன் முன்னங்காலைப் பாருங்கள். தாழ்ந்த குரலில் "போ" என்று ஒருதரம் சொன்னால் போதும். கீச்சிட்டுக் கத்தினால் அதற்கு இன்னும் உற்சாகம் வரும். பிறகு வேலியோரமாகவே, நாய்க்கு முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாக விலகிப் போங்கள். பெரும்பாலான நாய்கள் தங்கள் எல்லை முடிகிற இடத்தில், அநேகமாக அடுத்த வீட்டுப் படலையடியில், தாங்களாகவே நின்றுவிடும்.

குனிந்து கல் எடுப்பது போலக் காட்டுகிற பழைய வித்தை இருக்கிறதே, அது பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நிற்கிற நாய்க்குச் சரி. காலடிக்கு வந்துவிட்ட நாய்க்கு முன்னால் குனிந்தால் முகத்தைக் கொண்டுபோய் அதன் வாயடியில் கொடுப்பதாகத்தான் முடியும்.

கேள்வி (உரும்பிராய்): பொல்லு ஒன்று கொண்டு ஓடினால் நல்லதா?

கொண்டு போகலாம், வீசாதீர்கள். நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் நீட்டிப் பிடித்தால் அது பொல்லைக் கடிக்கும், காலைக் கடிக்காது. வீசினால் அடிபட்ட நாய் ஒன்றாகவும் அதைப் பார்த்துக் கொதித்த நாய் மூன்றாகவும் வரும். தண்ணீர்ப் போத்தல், இடுப்பில் கட்டிய சேட், எதையும் அப்படி நடுவில் பிடிக்கலாம். விழுந்துவிட்டால் சுருண்டு, கையால் கழுத்தையும் காதையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடவுங்கள்.

ஒரு பெட்டை நாயைச் சுற்றிப் பல கடுவன்கள் திரிகிற நாட்களில் அந்த வீதியையே விட்டு விடுங்கள். குட்டி போட்ட நாய் மதவடியில் கிடந்தாலும் அப்படித்தான்.

கேள்வி (திருநெல்வேலி): எனக்குத் தெருநாயால் பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டு நாய்தான் கேற்றுக்குக் கீழால் வருகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "அது கடிக்காது தங்கச்சி" என்கிறார்.

எல்லா வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்வார்கள். அவரைக் கடிக்காது, உண்மை. கலைபட்ட கோபத்தோடு காலையிலேயே போய்ச் சண்டை பிடிக்காமல், பின்னேரம் ஆறுதலாகப் போங்கள். நாய்க்கு இந்த வருசம் விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா, அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஊசியை நாய்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, அதனால் காசில்லை என்ற சாட்டு எடுபடாது. கேற்றுக்குக் கீழே ஒரு பலகையோ இரண்டு வரிசைக் கல்லோ வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

கேள்வி (மானிப்பாய்): கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வது? அம்மம்மா மஞ்சளும் மிளகாய்த்தூளும் வைக்கச் சொல்கிறா.

மிளகாய்த்தூள் கறிக்கு. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். காயத்தை ஓடுகிற தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். போனில் நேரம் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் இரண்டு நிமிடத்திலேயே பதினைந்து நிமிடம் ஆனது போலத் தோன்றும். வீடு தூரமென்றால் வழியில் எந்த வீட்டுக் குழாயடியிலும் கேளுங்கள், கோவில் கிணற்றடி என்றாலும் பரவாயில்லை. விசர்நாய்க் கிருமி எச்சிலோடுதான் காயத்துக்குள் போகிறது. அது நரம்பைப் பிடிப்பதற்கு முன் கழுவி வெளியேற்றுவதுதான் நம் கையில் இருக்கிற முதல் வைத்தியம். இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் ஆட்கள் ஊசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், கழுவுவதைப் பற்றிக் கேட்பதில்லை.

அப்புறம் நேரே அரசாங்க வைத்தியசாலை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைதான் என்றில்லை. தெல்லிப்பழை, சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே போங்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு மருந்தும் தேவைப்படும். அதை வைத்தியர் தீர்மானிப்பார். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசியையும் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசியை ஒரே நாளில் முடிக்க முடியாது, தந்த திகதிகள் எல்லாவற்றுக்கும் போக வேண்டும். இரண்டாவதோடு நிறுத்திவிட்டு "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று திரிகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். நோய்க்குறி தெரிய வழக்கமாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும், சிலருக்கு அதற்கும் மேல். தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை என்றே சொல்லலாம்.

நாய் மட்டுமல்ல, பூனை, கீரி, நரி, குரங்கு கடித்தாலும் கீறினாலும் இதே வழிதான். குட்டி நாய் விளையாட்டாகக் கீறியதும் இதற்குள் வரும்.

கேள்வி (அரியாலை): மைம்மலில் கடற்கரைப் பக்கம் ஓடுவேன். பாம்புக்கு என்ன வழி?

வெளிச்சம். நெற்றியில் கட்டுகிற சின்ன ரோச் லைற் ஒன்று வாங்குங்கள். கையில் பிடிக்கிற போன் வெளிச்சம் ஓட்டத்தில் ஆடி ஆடி எதையும் காட்டாது. உங்கள் பக்க மணலில் இருப்பது சுருட்டை. ஒரு முழத்துக்குள் அடங்குகிற பாம்பு, மணல் நிறம், சும்மா கிடந்தால் கண்ணில் படாது. கோபம் வந்தால் உடம்பை மடித்து மடித்துச் செதிலோடு செதில் உரசும், அந்தச் சரசர சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நின்று அது எங்கே என்று பாருங்கள். வயல் வரம்பு, தோட்டக்கரை, பற்றை ஓரங்களில் புடையன், அதாவது கண்ணாடி விரியன். தடித்த உடம்பு, முதுகில் வரிசையாக முட்டை வடிவப் புள்ளிகள். பிரஷர் குக்கர் ஆவி விடுவது போலச் சீறும். ஹெட்போனை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு ஓடுகிறவருக்கு இந்த இரண்டு எச்சரிக்கையும் கேட்காது. ஒரு காதை வெளியே விடுங்கள்.

வீதியின் நடுவில், புல்லில்லாத தரையில் ஓடுங்கள். வெட்டிப் போட்ட பனையோலை, கிடுகுக் குவியல், கல்லுக் கும்பி ஆகியவற்றைத் தாண்டிப் பாயாதீர்கள், சுற்றிப் போங்கள். இரவில் விறாந்தையில் கிடந்த சப்பாத்தைக் காலையில் உதறிப்போட்டுத்தான் போட வேண்டும். மாரி காலத்தில் அதற்குள் மட்டைத்தேளும் இருக்கும்.

கேள்வி (கொடிகாமம்): பாம்பு கடித்தால் அடித்துக் கொண்டுபோனால்தானே டொக்டருக்கு என்ன பாம்பென்று தெரியும்?

தேவையில்லை. அடிக்கப் போய் இரண்டாம் கடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், செத்த பாம்பின் தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும். இங்கே தருகிற விசமுறிவு மருந்து நாகம், எட்டடி விரியன் (கட்டுவிரியன்), புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்தது. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பார்கள், கண்ணிமை சோர்கிறதா என்று பார்ப்பார்கள். அதிலேயே பாதி விடை தெரியும். தூரத்தில் நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், அதற்காக மினக்கெடாதீர்கள்.

ஓட்டக்காரருக்கு முக்கியமானது: அந்த இடத்திலேயே இருங்கள். "வீடு அரைக் கட்டைதானே, ஓடிப் போய்ச் சேரலாம்" என்று நினைக்காதீர்கள். கால் தசை வேலை செய்யச் செய்ய விசம் உடம்புக்குள் கெதியாக ஏறும். சப்பாத்து, கொலுசு, மோதிரம், மணிக்கூடு எல்லாவற்றையும் வீங்க முன்னம் கழற்றுங்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் கேடு. நோவுக்கு அஸ்பிரின் போடாதீர்கள், இரத்தம் உறையாமல் போகிற சிக்கலை அது கூட்டும். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஓட்டோ கெதியாக வருமென்றால் ஓட்டோவில் போங்கள். விசகடிப் பரியாரியார் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்கலாம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் போக வேண்டிய இடம் வைத்தியசாலை. கடித்த இடத்தில் நோவே இல்லை என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள், எட்டடி விரியனின் கடி பல வேளை நோகாது.

கேள்வி (அச்சுவேலி): வல்லை வெளியில் இருட்டில் மாட்டில் இடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

கட்டாக்காலி மாடுகள் இரவில் தார் வீதியில் படுப்பது சூட்டுக்காக. பகல் வெயிலைத் தார் விடியும் வரை வைத்திருக்கும். மழைக்காலத்தில் தரவையெல்லாம் ஈரமாகிவிட்டால் இன்னும் கூடப் படுக்கும். கறுத்த மாடு வெளிச்சமில்லாமல் தெரியவே தெரியாது. நடந்து, விலகி, பின்பக்கமாகவும் இல்லாமல் நேர் முன்னாலும் இல்லாமல் கடந்து போங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போக வேண்டாம். நாம்பன் தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறினால் வேலி பாய வேண்டிய நேரம். அதுவரைக்கும் மாடு நம்மைப் பற்றி அவ்வளவு யோசிப்பதில்லை. அந்த வீதியில் மாட்டைவிட, மாட்டை விலத்தி வெட்டி வருகிற மோட்டார் சைக்கிளுக்குத்தான் நான் பயப்படுவேன். பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (கைதடி): குளவி கலைத்தால் நாய்க்குச் சொன்னது போல நிற்பதா?

இல்லை இல்லை! இங்கே மட்டும் ஓட வேண்டும். முகத்தைச் சேட்டால் மூடிக்கொண்டு, நேர்கோட்டில், நூறு மீற்றருக்குக் குறையாமல் ஓடி, முடிந்தால் ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். கையை விசுக்க வேண்டாம். கேணிக்குள் குதிக்கவும் வேண்டாம், தலை வெளியே வரும்வரை மேலே சுற்றிக்கொண்டு நிற்கும். மூச்சு இழுத்தாலோ, உதடு வீங்கினாலோ, தலை சுற்றினாலோ அது கொட்டு எத்தனை என்ற கணக்கில் இல்லை, உடனே வைத்தியசாலை. பனை மட்டை அசைகிற காற்று நாளில் கூடு தெரிந்த பனங்கூடலுக்குக் கீழால் ஓடாதீர்கள்.

கேள்வி (வேலணை): நெடுந்தீவுக்குப் போய்க் குதிரைகளுக்கு நடுவில் ஓட ஆசை.

ஓடலாம், நல்ல இடம், மரநிழல்தான் குறைவு. குதிரைக்குப் பின்னால் போகாதீர்கள், படமெடுக்கிறேன் என்று குட்டிக்குக் கிட்டவும் போகாதீர்கள். காதைப் பின்னுக்கு மடித்தால் விலகுங்கள். குறிகட்டுவானில் படகு ஏறுமுன் தண்ணீரைக் கூட எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேலைக்காக முல்லைத்தீவில் இருப்பவர்): இங்கே யானை வருகிறது என்கிறார்கள். காலையில் ஓடலாமா?

கேள்வி கடைசியில் காட்டுக்கே வந்துவிட்டது. விடிய முன்னமும் மைம்மலிலும் காட்டோர வீதியில் ஓடாதீர்கள். அவ்வளவுதான் என் பதில். யானை மணிக்கு 24 கிலோமீற்றர் அளவுக்கு ஓடும், மேலே சொன்ன உங்கள் 12ஐ நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு, வீடுகள் இருக்கிற பக்கமாக, ஊரவர் ஒருவரிடம் "நேற்று எங்கே நின்றது" என்று கேட்டுவிட்டு ஓடுங்கள். வீதியில் ஈரமான இலத்தி கிடந்தால் வந்த வழியே திரும்புங்கள். வன்னிக் காட்டில் கரடியும் உண்டு, அது திடுக்கிட்டால்தான் பாயும். ஆகவே இருவராகப் போய்க் கதைத்துக்கொண்டு ஓடுவது நல்லது. குளக்கட்டில் ஓடினால் முகம் கழுவத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், முதலை உள்ள குளங்கள் அங்கே இருக்கின்றன. சுண்டிக்குளம் பக்கம் போகிறவர்களுக்கும் இதே சொல்.

கேள்வி (நல்லூர்): வேப்ப மரத்தடியில் காகம் தலையில் கொத்துகிறது.

குஞ்சு பொரித்திருக்கும். தொப்பி போடுங்கள், இரண்டு மூன்று கிழமை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்): மூன்று நாளுக்கு முன் ஓடும்போது நாய் லேசாகக் கடித்தது. கழுவினேன். நாய் நல்லாகத்தான் நிற்கிறது. இனிப் போய்ப் பயனுண்டா?

உண்டு. இதை வாசித்து முடித்ததும் வெளிக்கிடுங்கள். பிந்திப் போனாலும் ஊசி போடுவார்கள், ஏன் பிந்தியது என்று ஏசினாலும் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். எந்த நாய், யாருடையது, தடுப்பூசி போட்டதா, இன்றைக்கும் சாப்பிடுகிறதா என்பதையெல்லாம் அங்கே சொல்லுங்கள். நாயை இரண்டு கிழமைக்குக் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், அதை அடித்துக் கொல்ல விட வேண்டாம். நாயைப் பார்ப்பது ஒரு பக்கம், நீங்கள் போவது இன்னொரு பக்கம். ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள். முன்பு எப்போதாவது இந்த ஊசி போட்டிருந்தால் அந்த அட்டையையும் கொண்டு போங்கள், போட வேண்டிய ஊசிகள் குறையும்.